பெரியப்பாவின் வரிப்பணம்

நான் பட்டம் வாங்கிய அன்று சாப்பாட்டுக் கடை மேசையில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, ரொறன்ரோவிலிருந்து காரோட்டி வந்த பெரியப்பா, பெரியம்மா, நான். இல்லாதவள் அக்கா. அவள் மொன்ட்ரியாலின் மறுகோடியில், ரொக்ஸ்பரோவில் இருக்கிறாள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கார்டெரி என்கிற பிள்ளைக் காப்பகத்திலிருந்து காலையிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். “தொப்பியோடை நிண்டு படம் எடுத்து அனுப்படா” என்று தொலைபேசியில் சொன்னதோடு சரி.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர். அம்மா அதற்கும் முன்னாலேயே நிறுத்தப்பட்டவர். அக்கா இங்கே வந்து பள்ளிக்கூடம் முடித்த கையோடு வேலைக்குப் போய்விட்டாள். நான் பொருளியல் படித்தேன். அரசாங்கங்கள் எங்கே வரி எடுக்கின்றன, எங்கே செலவழிக்கின்றன என்பதுதான் கடைசி வருடத்தில் என்னுடைய பாடம். இதை நான் பெரியப்பாவிடம் சொல்லியிருக்கவே கூடாது.

பெரியப்பா அப்பாவுக்கு ஒரே அண்ணன். ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் மார்க்கம் என்ற நகரத்தில் இரண்டு வீடு வைத்திருக்கிறார். ஒன்றில் இருக்கிறார், மற்றதை வாடகைக்கு விட்டிருக்கிறார். அப்பா நாங்கள் இருக்கும் மொன்ட்ரியால்-நோரில் ஒரு குளிர்க்களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிறார். பெரியப்பா இங்கே வரும்போதெல்லாம் வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே வரியைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார். நாங்கள் இருக்கும் கியூபெக் மாகாணம் அவர் இருக்கும் ஒன்ராறியோவின் காசிலும் அல்பேர்ட்டாவின் காசிலும் உட்கார்ந்து சாப்பிடுகிறது என்பது அவருடைய ஒரே பாட்டு.

அன்றைக்கும் ஆட்டெலும்பை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டே தொடங்கினார்.

“டேய் தம்பி, படிப்புக்கு வரியத்துக்கு எவ்வளவு கட்டினனி?”

“மூவாயிரத்துச் சொச்சம், பெரியப்பா.”

“பாத்தியே. என்ரை மகள் ரொறன்ரோவிலை அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேலை கட்டினவள். அப்ப உன்ரை மிச்சத்தை ஆர் கட்டினது?” எலும்பை எடுத்து என் பக்கமாக நீட்டினார். “நான். என்ரை வரிக்காசிலை படிச்சனி நீ.”

பெரியம்மா சிரித்தார். பக்கத்து மேசைக்காரரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அப்பாவின் சிரிப்பை நான் முன்பும் கண்டிருக்கிறேன். களஞ்சியத்தின் மேலாளரைப் பார்த்துச் சிரிப்பதும் இதே சிரிப்புத்தான். மேலாளரின் பிரெஞ்சுப் பகிடி விளங்கியிருக்காது, ஆனாலும் சிரிக்கவேண்டும் என்பது மட்டும் விளங்கியிருக்கும்.

அம்மா சிரிக்கவில்லை. அவர் ரொட்டியைச் சின்னதாகப் பிய்த்து, குழம்பில் ஊறவைத்து, வலப்பக்கமாக மட்டும் மென்றுகொண்டிருந்தார். கீழ்த்தாடையில் இடப்பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் இரண்டும் பழுதாகி மாதக்கணக்காகிவிட்டது. வேரைச் சுத்தம் செய்து மேலே மூடி போட்டால் இரண்டையும் காப்பாற்றலாம், இல்லாவிட்டால் பிடுங்கவேண்டியதுதான் என்று பல் வைத்தியர் சொல்லியிருந்தார். காப்பாற்றுவதற்கு ஐயாயிரத்துக்கு மேல் ஆகும். அம்மா கேக் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறார். மத்திய அரசாங்கம் காப்புறுதி இல்லாத ஆட்களுக்கென்று பல் திட்டம் ஒன்று கொண்டுவந்தபோது அம்மாதான் எங்கள் வீட்டில் முதலில் சந்தோசப்பட்டவர். ஆனால் தொழிற்சாலையில் பெயருக்கு ஒரு காப்புறுதி இருக்கிறது. அது இருப்பதால் அரசாங்கத் திட்டத்தில் அவருக்கு இடமில்லை. அந்தக் காப்புறுதியோ பல்லைச் சுத்தம் செய்யத்தான் காசு கொடுக்கும், பல்லைக் காப்பாற்றக் கொடுக்காது. ஆகவே மேலதிக நேரம் நின்று மூவாயிரத்துச் சொச்சம் சேர்த்திருந்தார். மிச்சத்தைத் தவணையில் கட்டலாம் என்று வைத்தியர் ஒத்துக்கொண்டிருந்தார். டிசம்பரில் நாள் குறித்தாகிவிட்டது. என்னுடைய பட்டமளிப்பு முடியட்டும், விருந்தாட்கள் போகட்டும், அதற்குப் பிறகு பல் என்பது அம்மாவின் ஒழுங்கு.

நான் பெரியப்பாவுக்கு விளங்கப்படுத்தப் பார்த்தேன். உண்மையாகவே விளங்கப்படுத்தினால் அவர் ஏற்றுக்கொள்வார் என்று நம்பினேன். அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன். ஒரு மாகாணம் இன்னொரு மாகாணத்துக்குக் காசு அனுப்புவதில்லை. நாட்டிலுள்ள எல்லாரும் மத்திய அரசுக்கு ஒரே விதமாகத்தான் வரி கட்டுகிறார்கள். மார்க்கத்தில் பெரியப்பா கட்டுவது போலவே மொன்ட்ரியால்-நோரில் அப்பாவும் கட்டுகிறார். அந்தப் பொதுப் பணத்திலிருந்து, வரி திரட்டும் வலு குறைந்த மாகாணங்களுக்கு மத்திய அரசு சமப்படுத்தல் என்ற பெயரில் ஒரு பங்கு கொடுக்கிறது. எங்கே இருந்தாலும் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் ஏறக்குறைய ஒரே தரத்தில் கிடைக்கவேண்டும் என்பதுதான் அதன் நோக்கம்.

“அதிலை பெரிய பங்கு ஆருக்குப் போகுது?”

“கியூபெக்குக்கு. இஞ்சை சனம் கூட. ஆளுக்கு இவ்வளவு எண்டு பிரிச்சுப் பாத்தால் வேறை சின்ன மாகாணங்கள்தான் கூட எடுக்குது.”

“உது புத்தகத்திலை. நான் சொல்லுறது என்ரை பொக்கற்றிலை.”

“ஒன்ராறியோவும் அந்தக் காசை வாங்கியிருக்கு, பெரியப்பா.”

“ஆர் சொன்னது?”

“அரசாங்கக் கணக்கிலை கிடக்கு.”

“கியூபெக் அரசாங்கக் கணக்கே?”

“இல்லை. மத்திய அரசாங்கம்.”

“அங்கையும் உவங்கடை ஆக்கள்தானே இருக்கிறாங்கள்!” என்றார் பெரியப்பா. இந்தமுறை பக்கத்து மேசை இன்னும் பலமாகச் சிரித்தது.

பில் வந்தது. எங்கள் ஆட்களோடு சாப்பிடப் போனவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். பெரியப்பா எழும்பினார், அப்பாவும் எழும்பினார். பெரியப்பா பில்லைப் பறித்தார், அப்பா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். “விடு தம்பி!” “அண்ணை, பேசாமல் இருங்கோ!” “நான் மூத்தவன்!” “எங்கடை இடத்துக்கு வந்து நீங்கள் கட்டுறதோ?” கடைக்காரப் பொடியன் கார்டு இயந்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓர் எட்டுப் பின்வாங்கினான். இரண்டு பேரும் கல்லாவரை தள்ளுப்பட்டுக்கொண்டே போனார்கள். அப்பா வென்றார். களைத்துப்போய், வேர்வையோடு, பந்தயத்தில் ஓடி முடித்தவர் மாதிரித் திரும்பி வந்தார். பெரியப்பா, “உவனோடை ஏலாது” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு பல்லைக் குத்தத் தொடங்கினார்.

தேத்தண்ணிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நவம்பர் மாதம். வரும்போதே தூறத் தொடங்கிவிட்டது. நாங்கள் இருப்பது இரண்டாவது மாடி. தெருவிலிருந்து வெளிப்பக்க இரும்புப் படியில்தான் ஏறவேண்டும், அதனால்தான் இறங்கவும் வேண்டும். ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, விடுதிக்குப் போகலாம் என்று அவர்கள் எழும்பியபோது அந்தத் தூறல் படியிலே கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. அப்பா உப்பு வாளியை எடுக்க உள்ளே ஓடினார். “நில்லுங்கோ அக்கா, கொஞ்சம் நில்லுங்கோ” என்று அம்மா கத்திக்கொண்டிருந்தார். பட்டுச் சேலையும் குதியுயர்ந்த செருப்புமாகப் பெரியம்மா முதற்படியில் கால் வைத்தார். பாதிப் படி கடந்து கீழே கிடந்தார். வலது மணிக்கட்டு வேறு யாரோ ஒருவருடைய கை மாதிரி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

அவசர சிகிச்சைப் பிரிவில் கனநேரம் இருந்தோம். பெரியம்மா முனகிக்கொண்டிருந்தார். பெரியப்பா பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழும்பி நின்று, “உதுக்குத்தான் எங்கடை காசு. பார், கதிரைகூடக் கிழிஞ்சு கிடக்கு” என்று மற்ற நோயாளிகளுக்கும் சேர்த்து அறிவித்தார். வைத்தியர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு எலும்பு இரண்டு இடத்தில் நொறுங்கியிருக்கிறது என்றார். காலையில் அறுவைச் சிகிச்சை செய்து தகடு வைக்கவேண்டும். அதன் பிறகு எங்களை ஒரு கண்ணாடிச் சாளரத்துக்குப் போகச் சொன்னார்கள்.

சாளரத்துக்குப் பின்னால் இருந்த பெண் பெரியம்மாவின் ஒன்ராறியோ அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரெஞ்சில் சொன்னார். நான் தமிழாக்கினேன். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் தாதிக்கும் இந்த அட்டை போதும். அந்தச் செலவை இரண்டு மாகாணங்களும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும். ஆனால் வைத்தியர்களுடைய கட்டணத்துக்கு இது செல்லாது. அவசரப் பிரிவு வைத்தியர், படம் வாசித்தவர், எலும்பு வைத்தியர், மயக்கமருந்து கொடுப்பவர் எல்லாருக்கும் நாங்கள் கட்டவேண்டும். கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டை ஒன்ராறியோவுக்கு அனுப்பினால், அவர்கள் தங்கள் விலைப்படி எவ்வளவு கொடுக்கிறார்களோ அவ்வளவும் திரும்ப வரும். கட்டாவிட்டாலும் சிகிச்சையை மறுக்கமாட்டோம், பில் வீட்டுக்கு வரும் என்றும் அந்தப் பெண் சொன்னார். அதையும் நான் தமிழில் சொன்னேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

“ஒரே நாடுதானே!” என்றார் பெரியப்பா.

“வைத்தியர் கட்டணத்துக்கு மற்ற மாகாணங்கள் எல்லாம் ஒருதரோடை ஒருதர் ஒப்பந்தம் செய்திருக்கு, பெரியப்பா. கியூபெக் மட்டும் அதிலை சேரேல்லை.”

“பாத்தியே! பாத்தியே உன்ரை கியூபெக்கை! வாங்கேக்கை மட்டும் இந்த நாடு.”

இந்த இடத்தில் அவர் சொன்னது சரி.  நான்கு வருடம் படித்த பாடப்புத்தகத்தில் பணம் மாகாணங்களிலிருந்து மத்திய அரசுக்கும் அங்கிருந்து மாகாணங்களுக்கும் வளைந்த அம்புக்குறியாக ஓடும். அம்புக்குறியின் நடுவில் கை முறிந்த ஒரு மனுசி ஒரு மாகாணத்தின் அட்டையோடு மற்ற மாகாணத்தின் கதிரையில் இருப்பாள் என்று அதில் எங்கும் வரைந்திருக்கவில்லை. ஒரு மாகாணம் தன் விலைக்கு மேலே கொடுக்காது, மற்ற மாகாணம் தன் விலைக்குக் கீழே எடுக்காது. இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்துக்கு எந்தக் கொடியும் இல்லை. இரண்டு அரசாங்கங்களும் அந்தச் சாளரத்துக்குள் உட்கார்ந்து மூக்கை நோண்டிக்கொண்டிருந்தது போல எனக்கு இருந்தது.

தொகையைச் சொன்னார்கள். மூவாயிரத்து நூற்று நாற்பது.

பெரியப்பா கோட்டுக்குள் கையை விட்டார். உள்பைக்குள் தேடினார், வெளிப்பைக்குள் தேடினார். அப்பாவின் கை அதற்குள் கவுண்டரில் இருந்தது, கார்டோடு. பழக்கம். அவருடைய உடம்புக்கு வேறு ஒன்றும் தெரியாது. பில் என்று ஒன்றைக் கண்டால் கை போகும்.

நான் பெரியப்பாவைப் பார்த்தேன். மத்தியானம் கோழிக் கொத்துக்கும் ஆட்டுக் கறிக்கும் கல்லாவரை மல்லுக்கட்டியவர், இப்போது மணிக்கட்டைப் பிடிக்கவில்லை. “விடு தம்பி” என்று சொல்லவில்லை. உள்பையிலிருந்து கையை வெறுமையாக எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

“கட்டு, கட்டு. நான் போய் ஒன்ராறியோவிட்டை எடுத்துத் தாறன்.”

அப்பா இலக்கத்தை அழுத்தினார். இயந்திரம் சின்னதாக ஒரு சத்தம் போட்டது. அப்பா திரும்பி, அண்ணனைப் பார்த்துச் சிரித்தார்.

அந்தக் கார்டின் கடனை அடைப்பதற்கு வீட்டில் ஒரேயொரு சேமிப்புத்தான் இருந்தது. அதை எடுத்துக் கட்டும்படி அம்மா அன்றிரவே அப்பாவிடம் சொல்லிவிட்டார்.

“பல்லு?” என்றேன்.

“பல்லு எங்கை ஓடப்போகுது? அவர் எடுத்துத் தாறன் எண்டவரெல்லே. வந்த உடனை செய்வம்.”

“அம்மா, பெரியப்பாட்டைக் கார்டு இருக்கு. ரெண்டு வீடு இருக்கு.”

“எங்கடை படியிலை விழுந்த மனுசி மோனை. நாங்கள் கூப்பிட்டு வந்த ஆக்கள். அவையிட்டைக் காசு வாங்குறதே? நாளைக்கு ரொறன்ரோவிலை என்ன கதைப்பினம்?”

ரொறன்ரோவில் என்ன கதைப்பார்கள் என்பதற்காகவே எங்கள் வீட்டில் பாதிச் செலவு நடக்கிறது. இதையும் என் பாடப்புத்தகத்தில் சேர்க்கவேண்டும்.

சத்திரசிகிச்சை நன்றாக முடிந்தது. போகுமுன் நான் பற்றுச்சீட்டுகளை எல்லாம் அடுக்கி, பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றி, ஒன்ராறியோவுக்கு அனுப்பவேண்டிய விண்ணப்பத்தையும் நானே நிரப்பி, கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் மட்டும் பென்சிலால் புள்ளி போட்டுக் கொடுத்தேன். “படிச்ச பிள்ளை ஒண்டு வீட்டுக்கு வேணும் கண்டியோ” என்று பெரியப்பா முதுகில் தட்டினார்.

டிசம்பர் வந்தது. பல் வைத்தியரிடம் குறித்த நாளை அம்மா தள்ளிப்போட்டார். ஜனவரியில் இன்னொரு முறை தள்ளிப்போட்டார். அதற்குப் பிறகு வைத்தியரிடத்திலிருந்து நாள் கேட்டுத் தொலைபேசி எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அம்மா சோற்றைக் கரைத்துக் குடித்தார். வேலைக்குப் போகும்போது கைப்பையில் வலிக்குளிசைப் போத்தல் கிலுங்கும். கேக் பெட்டி கட்டும் இடத்தில் உடைந்த கேக்கை வேலையாட்கள் சாப்பிடலாம். இனிப்புப் பட்டால் உச்சந்தலைவரை இழுக்கிறது என்று அம்மா அதையும் விட்டுவிட்டார். அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு, “அண்ணை எடுப்பார்” என்றார். நான் அப்போது வேலை தேடிக்கொண்டு, கிழமையில் இரண்டு நாள் பக்கத்து நகரான லவாலில் ஒரு சப்பாத்துக் கடையில் நின்றேன். அந்தக் காசு பஸ்ஸுக்கும் வாடகையில் என் பங்குக்கும் போனது.

ஒருநாள் பனி வாரிக்கொண்டு நின்றபோது கீழ்வீட்டு மொசியூ வந்தார். எங்கள் வீட்டுச் சொந்தக்காரர், கியூபெக்வா, அதாவது கியூபெக்கின் பிரெஞ்சுக்காரர். என்ன படித்தாய் என்று கேட்டார். சொன்னேன். பனி வாரும் சவளை ஊன்றிக்கொண்டு அரை மணி நேரம் கதைத்தார். எங்கள் வரியெல்லாம் ஒட்டாவாவுக்குப் போகிறது, அங்கே ஒன்ராறியோக் கார்த் தொழிற்சாலைக்கும் அல்பேர்ட்டா எண்ணெய்க்கும் கொட்டுகிறார்கள், எங்களுக்கு எலும்பைப் போட்டுவிட்டு நன்றி சொல்லு என்கிறார்கள் என்றார். பெரியப்பா பிரெஞ்சு பேசினால் இப்படித்தான் இருப்பார் என்று நினைத்தேன். எல்லாரும் தங்கள் பையிலிருந்து போனதைத்தான் எண்ணுகிறார்கள். வந்ததை எண்ணுகிற ஒருவரையும் நான் இந்த நாட்டில் இன்னும் சந்திக்கவில்லை. அவர் போன பிறகு படிக்கு உப்புப் போட்டார்களா என்று பார்த்தேன். போட்டிருக்கவில்லை. அது வாடகைக்காரருடைய பொறுப்பாம்.

பெப்ரவரியில் நான் பெரியப்பாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அப்பாவுக்குத் தெரியாது. அக்காவிடம் மட்டும் சொன்னேன். “எடு. படிச்சனி எண்டு தலையிலை தொப்பி வைச்சுவிட்டவைதானே, ஒரு கோலாவது எடு” என்றாள்.

“பெரியம்மாவின்ரை கை எப்பிடி?”

“நல்லாய்ப் போட்டுது. ரொட்டியே தட்டுறாள். என்ன விசயம்?”

“அந்த ஒன்ராறியோக் காசு, பெரியப்பா.”

“ஓம், அது வந்திட்டுது. கிறிஸ்மசுக்கு முன்னமே வந்திட்டுது.”

 வந்துவிட்டதாம். எங்கள் வீட்டில் அம்மா சோற்றைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்த நாட்களில் அது மார்க்கத்தில் ஒரு கணக்கில் சாய்ந்து படுத்திருந்திருக்கிறது.

“எவ்வளவு வந்தது?”

“ஆயிரத்துத் தொளாயிரம். உங்கடை டொக்டர்மார் அறாவிலையெல்லே எடுத்தவங்கள். ஒன்ராறியோ அதுதான் தரும்.”

“அதை அப்பாவுக்கு அனுப்பினால் அம்மாவின்ரை பல்லு...”

“தம்பி, கேள். நீ படிச்சனி, உனக்கு விளங்கும். அந்தக் காசு ஒன்ராறியோ தந்தது. ஒன்ராறியோவுக்கு ஆர் குடுத்தது? நான். அது என்ரை வரிக்காசு. சரியோ? பேந்து, வரியம் வரியம் எங்கடையிலையிருந்து உங்களுக்கு எவ்வளவு வருது? நீயே சொன்னனி, பெரிய பங்கு கியூபெக்குக்கு எண்டு. அதிலை இதைக் கழிச்சுக் கொள்ளுங்கோவன்.”

“அது என்ரை அப்பாவின்ரை கார்டு, பெரியப்பா. கியூபெக்கின்ரை கார்டு இல்லை.”

“அவன் கேட்டவனே?”

“இல்லை.”

“அவன் கேக்கேல்லை. தம்பிக்கும் அண்ணைக்கும் இடையிலை அப்பிடி ஒரு கணக்கும் இல்லை. நீ ஏன் நடுவிலை வந்து வெட்டுறாய்?” குரலைக் கொஞ்சம் இறக்கினார். “உங்கை வந்துதானே அவள் விழுந்தவள். நான் ஏதும் கேட்டனானே? இஞ்சையெண்டால் வக்கீல் வைச்சு வழக்குப் போட்டிருப்பினம்.”

வைத்துவிட்டேன். தொலைபேசியைக் கழுவவேண்டும் போல இருந்தது. அவர் பொய் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு அருவருப்பு வந்திருக்காது. அவர் சொன்னதை நம்பினார். என் அம்மாவின் பல்லை, இரண்டு மாகாணங்களின் கோடிக்கணக்கான சனத்தின் வரவுசெலவுக்குள் போட்டுக் கழித்துவிட்டு, கணக்கு நேர் என்று நம்பினார். அதைவிட, நான் சாப்பாட்டுக் கடையில் நல்லபிள்ளையாக விளங்கப்படுத்திய பாடத்தையே எடுத்து அதைச் செய்தார்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் நான் எதிர்பார்த்த ஆளிடம் கோபப்படவில்லை.

“ஆர் உன்னை எடுக்கச் சொன்னது?”

“காசு வந்திட்டுதாம் அப்பா. டிசம்பரிலை.”

“வந்தால் தருவார்.”

“தரமாட்டன் எண்டு சொல்லுறார்.”

“அண்ணையெல்லே,” என்றார் அப்பா. குளிர்க்களஞ்சியத்துக் கையுறையை வெப்பமூட்டியில் காயப் போட்டார். “நாங்கள் இஞ்சை வரேக்கை ரிக்கற்றுக்குப் பாதிக் காசு போட்டவர். அதை நீ கணக்கிலை சேத்தனியே?”

நான் சேர்க்கவில்லை. சேர்ப்பதென்றால், அதற்குப் பிறகு அப்பா ரொறன்ரோவுக்கு அனுப்பிய மொய்களையும், பெரியப்பாவின் மகளுடைய கலியாணத்துக்குப் போட்ட சங்கிலியையும், பெரியப்பாவின் நிலக்கீழறைக்கு இரண்டு கிழமை போய்ச் சும்மா அடித்துக் கொடுத்த பெயின்றையும் சேர்க்கவேண்டும். அப்பா அதையெல்லாம் சொல்லவே விடமாட்டார். சொன்னால் அவர் சின்னாளாகிவிடுவாராம். அண்ணன் கொடுத்தது மட்டும் கொடுத்தது, தான் கொடுத்தது கடமை. இந்த மாதிரியான மனிதர்கள் இருக்கும்வரை எந்தச் சட்டத்தாலும் யாருக்கும் சமமாகப் பங்கு கிடைக்காது என்று எனக்குப் பட்டது. அம்மா அடுப்படியில் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு நின்றார். எங்கள் இருவருடைய கதையும் அவருக்குக் கேட்டது.  வாயைத் திறந்தால் காற்றுப் பட்டு வலிக்கும்.

இரண்டு நாட்களுக்குள் முகம் வீங்கிவிட்டது. இடது கண் பாதி மூடிக்கொண்டது. வேலைக்கு விடுப்பு எடுத்து நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பல் வைத்தியர் விளக்கைத் திருப்பிப் பார்த்தார். சீழ் இரண்டு வேருக்கும் கீழே ஒன்றாகச் சேர்ந்துவிட்டது, இனிக் காப்பாற்ற ஒன்றுமில்லை என்றார். நவம்பரில் பார்த்தபோது காப்பாற்றக்கூடியதாக இருந்ததே என்றும் சொன்னார். அதை நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. இரண்டையும் பிடுங்கினார்கள். நானூற்று அறுபது டொலர். அம்மா கதிரையிலிருந்து எழும்பும்போது, பஞ்சைக் கடித்துக்கொண்டே, “பல்லைக் காட்டச் சொல்லு” என்று கையைக் காட்டினார். தாதி ஒரு சின்னத் தட்டில் கொண்டுவந்து காட்டினார். அம்மா கனநேரம் பார்த்தார். பிறகு சால்வையைச் சுற்றிக்கொண்டார்.

மே மாதம் லவாலில் ஒரு மண்டபத்தில் எங்கள் சொந்தத்துக்குள் கலியாணம். பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்தார்கள். பெரியம்மா புதுக் கை மாதிரி வளையல் நிறையப் போட்டிருந்தார். நான் அவர்களிடம் போகவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பெரியப்பாவே எங்கள் மேசைக்கு வந்தார். நாங்கள், அக்கா, அத்தான், மற்றும் தெரிந்தும் தெரியாமலும் ஐந்தாறு பேர் அந்த வட்ட மேசையில் இருந்தோம். அவர் கதிரையில் உட்காரவில்லை. அம்மாவுக்குப் பின்னால் நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு உறையை எடுத்து, எல்லாரும் பார்க்கும்படி அம்மாவின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

“பல்லுப் பிடுங்கினதாம் எண்டு கேள்விப்பட்டன். ஐந்நூறு கிடக்கு. ஒரு கட்டுப் பல்லு வைச்சுக்கொள்ளும். எங்கடை ஆக்களுக்கு நாங்கள் செய்யாமல் ஆர் செய்யிறது?”

மேசையில் இருந்த ஒருவர், “உப்பிடி ஒரு அண்ணை வேணும்” என்றார். வேறொருவர் தலையாட்டினார்.

நான் எழும்பப் போனேன். அக்கா மேசைக்குக் கீழே என் முழங்காலை அழுத்திப் பிடித்தாள். ஆயிரத்துத் தொளாயிரத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அதில் ஐந்நூறை எடுத்து, எங்களுடைய காசையே எங்களுக்குத் தருமமாகத் தருகிறார். அதற்குச் சாட்சிக்கு ஒரு மண்டபம். நாங்கள் நன்றி சொல்லவேண்டும். வருடாவருடம் மேடைகளில் ஒரு மாகாணத்தார் மற்ற மாகாணத்தாருக்குச் சொல்லிக்காட்டுகிற காசும் இந்த உறைக்குள் இருக்கிற மாதிரித்தான் இருக்கும் என்று அப்போது நினைத்தேன். வாங்குகிறவன் ஏற்கெனவே தன் பையிலிருந்து அதற்குள் போட்ட பங்கை உறையின் மேல் எழுதமாட்டார்கள்.

அம்மா உறையைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் முகத்தில் அந்தச் சிரிப்பு தயாராக இருந்தது.

“நன்றி அத்தான்,” என்றார் அம்மா, பெரியப்பாவிடம். அந்த இரண்டு பற்கள் இல்லாததால் இடப்பக்கம் கொஞ்சம் காற்றுப் போனது. பிறகு உறையைக் கைப்பைக்குள் வைத்து, சோற்றில் ரசத்தை விட்டு நன்றாகக் குழைத்தார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா காரை ஓட்டினாள். அத்தான் பிள்ளையோடு பின்னால் இருந்தார். அப்பாவும் அம்மாவும் வேறொருவருடைய காரில் வந்தார்கள்.

“நீ என்னத்துக்கு என்ரை காலைப் பிடிச்சனி?” என்றேன்.

“நீ எழும்பிச் சமப்படுத்தல் எண்டு தொடங்கியிருப்பாய். அம்மா திருப்பிக் குடுத்திருப்பா. பேந்து அந்த ஐந்நூறும் இல்லை.” ஒருக்கால் திரும்பி என்னைப் பார்த்தாள். “சரி, படிச்சவர் சொல்லும். எல்லாமாய் எவ்வளவு போட்டுது?”

சொன்னேன். வைத்தியர்களுக்கு மூவாயிரத்து நூற்று நாற்பது. பல்லுப் பிடுங்க நானூற்று அறுபது. அதில் பெரியப்பாவின் ஐந்நூறு கழிய, மூவாயிரத்து நூறு டொலர். பல்கலைக்கழகத்தில் ஒரு வருடத்துக்கு நான் கட்டிய அதே மூவாயிரத்துச் சொச்சம்.